ஆகா அடுப்புக்கு மேலே ஒரு டீ டப்பா

அன்பு மகளுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீ பென்ரித்தில் ஏற்றிவிட்ட ரயில் குரூ ஸ்டேஷனுக்கு வந்து சேரவே தாமதமாகிவிட்டது. கட்டிக்கொடுத்த புளியோதரை அந்த பிளாட்பாரத்திலேயே காலி.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றுவிட்டு ஆட்டுக்குட்டிக்குப் பால் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாய். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. இந்தத் தாள் உன் சமையலறை மேசையில் கிடந்தாலும் உன் மாமியாரால் படிக்க முடியாது. சனிக்கிழமை காலைகளில் அழ அழ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து இதற்காவது உதவட்டும்.

வியாழக்கிழமை காலையில் டீத்தூள் தேடினேன் இல்லையா? எப்போதும் சூடாக இருக்கும் உன் பெரிய இரும்பு அடுப்பு, அந்த ஆகா (Aga) அடுப்புக்கு மேலே அலமாரியில் ராணி படம் போட்ட பழைய டப்பா. அதை எடுக்கக் கை நீட்டினேன். பேரன் டோஸ்டைக் கடித்தபடி தலையைக்கூடத் தூக்காமல், "ஆச்சி, அதுல டீ இல்ல. அது டாடியோட கன் கீ" என்றான். நீ சிரித்தாய். உன் மாமியாரும் சிரித்தார். "ஒன்றும் இவன் கண்ணுக்குத் தப்பாது" என்று பெருமையாகவே சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். சம்பந்தி வீட்டில், அதுவும் ஆடுகள் குட்டி போடும் மாதத்தில், யாருமே சரியாகத் தூங்காத நேரத்தில், பாடம் நடத்த எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேரே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் துப்பாக்கி பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அது உனக்கே புரியும், சொல்ல வேண்டியதில்லை. உனக்கும் தெரியக்கூடாது என்பதுதான் உனக்குப் புரிய நேரமாகும். உன் மாமியாருக்கும் தெரியக்கூடாது. இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது, அதுவும் தப்பு.

உனக்குக் கோபம் வரும். "என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு சாவியா?" எனக்கும் அந்தக் கோபம் வந்திருக்கும். நம் பக்கத்தில் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறதோ அவள்தான் வீட்டுக்காரி. பாளையங்கோட்டை வீட்டில் என் ஆச்சியின் இடுப்பில் எப்போதும் ஒரு கொத்து தொங்கும். அரிசி அறை, பாத்திர அறை, பட்டுச் சேலை பீரோ, தாத்தாவின் பத்திரப் பெட்டி எல்லாம் அதில். அவர் நடந்து வருவது சாவிச் சத்தத்தில்தான் தெரியும். சாகக் கிடந்தபோது அந்தக் கொத்தை என் அம்மாவின் கையில் வைத்துத்தான் கண்ணை மூடினார். அந்த வம்சத்தில் வந்தவளிடம் "உனக்கு இந்தச் சாவி வேண்டாம்" என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

அதே ஆச்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறேன். கருப்பட்டி மிட்டாய் வைத்த அலமாரிச் சாவியை மத்தியானத் தூக்கத்தில் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். எனக்கு ஏழு வயது. வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்த மிட்டாய் என் வாய்க்குள் போனது. நான் தேடிக் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதே. ஆச்சி வைக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பெரியவர்கள் எதை ஒளிக்கிறார்கள் என்று பார்ப்பதைவிடப் பிள்ளைகளுக்கு வேறு என்ன வேலை?

மாப்பிள்ளையின் துப்பாக்கி பீரோவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி, மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு, உள்ளே பி.எஸ். 7558 என்று பிரிட்டிஷ் தர முத்திரை. துப்பாக்கி வைத்திருக்கச் சான்றிதழ் கொடுக்கும் முன் போலீஸ் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அவர் பார்த்தது பீரோவை. டீ டப்பாவைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? அத்தனை கனமான இரும்புக் கதவுக்கு இப்போது காவல் ஒரு தகர மூடி.

1987-இல் இங்கிலாந்தில் ஹங்கர்ஃபோர்ட் என்ற ஊரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். நீ அப்போது பிறக்கவில்லை. அதற்கு மறு வருடம் 1968-ஆம் வருட ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகுதான் ஷாட்கன் என்கிற சிதறுகுண்டுத் துப்பாக்கியையும் பூட்டிப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது சான்றிதழின் நிபந்தனையானது. அதற்கு முன் இந்த ஊர்ப் பண்ணைவீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் துடைப்பம் மாதிரி சாத்தி வைத்திருப்பார்கள். நான் இங்கே வந்த புதிதில் நோயாளி வீடுகளுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். இப்போதைய நிபந்தனை இதுதான்: சான்றிதழ் இல்லாத ஆள் கைக்குப் போகாதபடி, நியாயமாக முடிந்த அளவுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் மனைவி என்று விதிவிலக்கு கிடையாது. சாவி இருக்கும் இடம் உனக்குத் தெரிந்தால் துப்பாக்கி உன் கைக்கு எட்டுகிறது என்றுதான் அர்த்தம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வரும் அதிகாரி, சாவி எங்கே, யாருக்குத் தெரியும் என்று கேட்பார். அப்போது பேரன் டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தால் சான்றிதழும் போகும், துப்பாக்கிகளும் வண்டியில் ஏறிப் போகும்.

சம்பந்திக்குத் தெரியலாமே என்பாய். அவரிடம் சான்றிதழ் இருக்கிறது, உண்மை. ஆனால் அது ஷாட்கன்னுக்கு மட்டுமா என்று கேள். நரிக்கு என்று மாப்பிள்ளை வைத்திருக்கும் ரைஃபிள் வேறு சான்றிதழில் வருகிறது. இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால், ஷாட்கன் சான்றிதழ் மட்டும் உள்ளவருக்கும் அந்தச் சாவி கூடாது. களஞ்சியக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு ஏர் ரைஃபிள் தொங்குகிறதே, எலிக்கு என்று, அதையும் பார்த்தேன். இங்கிலாந்தில் சாதாரண ஏர் ரைஃபிளுக்குச் சான்றிதழ் வேண்டாம்தான். ஆனால் 18 வயதுக்குக் கீழே இருப்பவர் கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியது 2011-லிருந்து சட்டம். ஆணி பேரன் தலைக்கு மேலே இரண்டு அடி. வைக்கோல் கட்டு ஒன்றரை அடி. கணக்கு நீயே போட்டுக்கொள்.

இதுவரை சொன்னதெல்லாம் சட்டம். சட்டத்துக்காக மட்டும் நான் இப்படி விழுந்து விழுந்து எழுதவில்லை.

2001-இல் கோமாரி நோய் வந்தது. உன் புகுந்த ஊரை அது என்ன செய்தது என்று உன் மாமனார் சொல்லியிருப்பார். உங்கள் கும்ப்ரியா அளவுக்கு இல்லாவிட்டாலும் எங்கள் பாவிஸ் (வேல்ஸ்) எல்லைப் பக்கத்தையும் அது விடவில்லை. நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேல் ஆடு மாடுகளைக் கொன்றார்கள். நோய் வந்த பண்ணைக்குப் பக்கத்துப் பண்ணை என்பதற்காகவே நல்ல ஆடுகளையும் கொன்றார்கள். அந்த வசந்த காலத்தில் ஒரு நாள் மாலை கடைசி நோயாளியாக ஒரு விவசாயி வந்தார். ஐம்பது வயது இருக்கும். முதுகுவலி என்று பெயர் கொடுத்திருந்தார். உட்கார்ந்தவர் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். வைக்கோல் கட்டும் ஆரஞ்சு நிறக் கயிற்றில் கோத்த இரண்டு சாவிகள். "இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் டாக்டர், இன்றைக்கு ராத்திரி இது என் வீட்டில் வேண்டாம்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மார்ஃபின் வைக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. பிறகு அவரோடு ரொம்ப நேரம் பேசினேன். போலீஸுக்குப் போன் செய்தபோது அந்த அதிகாரி நல்ல மனிதர், கொஞ்சம் சிரித்தேவிட்டார். "டாக்டர், சாவி உங்களிடம் இருக்கிறது. சான்றிதழ் இல்லை. இந்த நிமிஷம் அவருடைய மூன்று துப்பாக்கிகளும் உங்கள் வசத்தில் இருக்கின்றன" என்றார். அதன் பிறகு அவரே ஏற்பாடு செய்தார். லைசன்ஸ் வைத்திருக்கும் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் அன்று இரவே அந்த விவசாயியோடு போய் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு வருடம் கடையில் இருந்தன. அந்த மனிதர் பிறகு பல வருடம் எனக்கு கிறிஸ்துமஸுக்கு வாத்து கொண்டுவந்து கொடுத்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், அதைக் குழம்பு வைத்து உன் அப்பாவைத் தவிர யாரும் சாப்பிடவில்லை.

அந்த வாத்துக்காரர் அன்று என் அறைக்கு வந்ததற்கும் வராமல் இருந்திருந்தால் நடந்திருக்கக் கூடியதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நீ கேட்டால், அரை மணி நேரம் என்பேன். இது எனக்குப் புதிதல்ல. திருநெல்வேலி மெடிக்கல் காலேஜில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ராத்திரி டியூட்டியில் "மருந்து குடித்துவிட்டாள்" என்று மாட்டுவண்டியில் கொண்டுவருவார்கள். பிழைத்தவர்களிடம் மறுநாள் கேட்டால், பாதிப் பேருக்கு ஏன் செய்தோம் என்றே சொல்லத் தெரியாது. புருஷனோடு சண்டை, பரீட்சையில் பெயில், கடன்காரன் வாசலில் நின்று கத்தினான். கோபம் தலைக்கேறிய அந்த நேரத்தில் பூச்சிமருந்து பாட்டில் தாழ்வாரத்து மூலையில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. ஒரு பூட்டைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று இருந்திருந்தால் பலர் பாதியிலேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். அழுதால் பிழைத்திருப்பார்கள். இங்கே சான்றிதழ் கேட்பவரைப் பற்றி டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும் என்று 2021-இல் விதி வந்தபோது என்னோடு வேலை பார்த்தவர்கள் கூடுதல் வேலை என்று முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை.

மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் இந்த முறை சாப்பிடும்போது இரண்டு தடவை எழுந்து வெளியே போனார். வங்கிக் கடிதம் ஒன்று பிரிக்காமலே மூன்று நாள் ஜன்னலோரம் கிடந்தது. குட்டி போடும் மாதத்துக் களைப்பாகவே இருக்கலாம். நான் டாக்டர் கண்ணோடு பார்த்துப் பழகியவள், தப்பாகவும் பார்த்திருக்கலாம். நீ பக்கத்தில் இருப்பவள், ராத்திரி தூங்குகிறாரா என்று பார். தூங்கவில்லை என்றால் சாவியைப் பிடுங்கி ஒளிக்காதே. நான் செய்த முட்டாள்தனம் அது. அவரிடமே பேசு. துப்பாக்கிகளைக் கொஞ்ச நாள் கடையில் விட்டு வைக்கலாம், ஒரு கேவலமும் இல்லை. அவர் கேட்கவில்லை என்றால் அவருடைய டாக்டரிடமோ போலீஸிடமோ நீ சொல்லலாம். கட்டிய புருஷனைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதே.

இப்போது செய்ய வேண்டியது சின்ன வேலை. நம்பர் பூட்டு போட்ட சாவிப் பெட்டி விற்கிறது, கைப்பிடி அளவுதான் இருக்கும். அதை சுவரில் திருகாணி போட்டு முடுக்கி, பீரோ சாவிகளை அதற்குள் வைக்கச் சொல். எண் அவர் மனசுக்குள் மட்டும். பேரன் பிறந்த நாள் வேண்டாம், பண்ணை வீட்டு எண் வேண்டாம், காகிதத்தில் எழுதி பர்ஸில் வைக்கவும் வேண்டாம். பீரோவோடு இன்னொரு செட் சாவி கொடுத்திருப்பார்கள். அது எங்கே என்று கேட்டால் அவரே தலையைச் சொறிவார் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் டிராக்டர் ரசீதுகளோடு மேசை டிராயரில்தான் இருக்கும். அதுவும் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். ஒளித்து வைத்த இடத்தை மட்டும் மாற்றினால் போதாது, பேரன் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவான். என் பேரன்தானே.

"அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்பாய். போலீஸில் துப்பாக்கி லைசன்ஸ் பிரிவுக்கு போன் செய். அவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள். இரும்புப் பெட்டியைத் திறக்க ஆள் கிடைப்பான், உனக்கு எண் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீயும் சுட ஆசைப்பட்டால், அன்றைக்கு சுடுவதற்காகப் பறக்கவிட்ட களிமண் தட்டைப் பார்த்து உன் கண் மின்னியதை நான் கவனித்தேன், உன் பெயருக்கு நீயே சான்றிதழ் வாங்கு. அப்போது பேச்சு வேறு.

இதை மாப்பிள்ளையிடம் நீ சொல்வாயோ நான் சொல்லட்டுமோ? நான் சொன்னால் மாமியார் வாய் என்று ஆகும். அதிகாரி கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று நீயே ஆரம்பி. இந்த ஊர் ஆண்களுக்கு பயத்தைவிட விதியைச் சொன்னால் சுலபமாக ஏறும்.

பார்சலில் இட்லிப் பொடி, மாங்காய் ஊறுகாய், பேரனுக்கு கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். மிட்டாயை அந்த ராணி டப்பாவில் போட்டு அதே இடத்தில் வை. அடுத்த மாதம் நான் போன் செய்து, டாடியோட கன் கீ எங்கே என்று அவனிடமே கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
அம்மா