கெடிலக் கரைக்கு ஒரு கை கொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

பண்ருட்டி பக்கம் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தால் மணலும் சீமைக் கருவேலமும்தான் கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் தண்ணீர் ஓடும். ‘இது என்ன ஆறு?’ என்று பிள்ளைகள் கேட்டால் உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்குப் பதில் வருவதில்லை.

அந்த ஆறுதான் கெடிலம். பெரிய ஆறு இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் கிளம்பிக் கடலூரில் கடலைத் தொட நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், அவ்வளவுதான். அதற்குள் எத்தனை ஊர்! சுந்தரர் பிறந்த திருநாவலூர், சந்நிதியில் எப்போதும் திரை போட்டிருக்கும் திருமாணிகுழி, வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பல காலம் வாழ்ந்த திருவஹீந்திரபுரம் எல்லாம் இதன் கரைதான்.

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூலை நோயோடு அக்கா திலகவதியாரைத் தேடி வந்த அப்பர் தம் முதல் பதிகத்தைப் பாடியது இங்கேதான். பாட்டுக்குப் பாட்டு ‘அதிகைக் கெடில வீரட்டானத்துறை அம்மானே’ என்று முடிக்கிறார். வயிற்று வலியில் துடித்த மனிதர் ஆற்றின் பெயரை ஒரு பாட்டில்கூட விடவில்லை. பிற்காலத்தில் இங்கே வந்த சுந்தரர், அப்பர் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவியால் செதுக்கித் தொண்டு செய்த மண்ணை மிதிக்க அஞ்சி, ஊருக்கு வெளியே சித்தவட மடத்திலேயே தங்கிவிட்டார். அந்த மண்ணில் இன்றைக்கு நாம் எதையெல்லாம் கொட்டி வைத்திருக்கிறோம் என்று எழுதக் கை கூசுகிறது.

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் மிதந்து வந்து சேர்ந்த இடம் கடலூரில் கரையேறவிட்டகுப்பம். பெயரே கதை சொல்கிறது. கடலூரைச் சுற்றியுள்ள ‘குண்டு கிராமங்கள்’ கதை வேறு மாதிரி. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி கடலூர்த் தேவனாம்பட்டினம் கோட்டையை (பின்னாளில் புனித டேவிட் கோட்டை) மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் சொந்தம் என்று பேச்சு. நாலாபக்கமும் சுட்டு எல்லை பிடித்தார்கள். குண்டுக்குள் அடங்கிய ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை! சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1746 முதல் சில ஆண்டுகள் அந்தப் புனித டேவிட் கோட்டைதான் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார்.

சரி, எங்கள் வேலைக்கு வருகிறோம். கரையோர ஊர்க்காரர்கள் சேர்ந்த சிறு குழு இது. ஆற்றில் தண்ணீர் கொண்டுவருவோம் என்று கதை விடமாட்டோம். மேலே சொன்ன திருநாவலூர், திருவதிகை, திருமாணிகுழி, திருவஹீந்திரபுரம், கரையேறவிட்டகுப்பம், தேவனாம்பட்டினம் ஆகிய ஆறு ஊர்களிலும் ஆற்றோரம் ஒவ்வொரு கருங்கல் பலகை நட்டு, ஆற்றின் பெயரையும் ஊரின் வரலாற்றையும் செதுக்கி வைக்க வேண்டும். தகரப் பலகை வைத்தால் துருப்பிடிக்கும். அதற்கு முன்பே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறிவிடும். அதனால்தான் கல். அப்புறம், திருவதிகை அருகே கொஞ்ச தூரமாவது கருவேலத்தை வேரோடு எடுத்துக் கரையைச் சுத்தம் செய்ய வேண்டும். நீர்வளத் துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம்; அனுமதி வந்த பிறகுதான் ஆற்றில் இயந்திரம் இறங்கும்.

கல், செதுக்குகூலி, வண்டி வாடகை, இயந்திர வாடகை ஆகியவைதான் செலவு. ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. ஒரு ஊரின் பலகைச் செலவை ஒரு குடும்பமே ஏற்பதாக இருந்தாலும் மகிழ்ச்சி. ஆனால் கல்லில் கொடுத்தவர் பெயர் வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பணம் இல்லாதவர்கள் மண்வெட்டியோடு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், சாப்பாடு எங்கள் பொறுப்பு.

வரும் தை 5, ஆற்றுத் திருவிழாவுக்குள் முதல் பலகையாவது நிற்க வேண்டும் என்று ஆசை. அன்றைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்கும்போது, சுருளிக்கிழங்கு வாங்க வருகிற கூட்டத்தின் முன்னால், கரையிலேயே வரவு செலவைப் படிப்போம். கேள்வி உள்ளவர்கள் அங்கேயே கேட்கலாம்.

இப்படிக்கு,
கெடிலக் கரை ஊர்க்காரர்கள்