தேரடிக் கிளை நூலகத்தின் பூட்டைத் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
கிளை நூலக வாசகர் வட்டத்தினர் மற்றும்
தேரடி, கடைத்தெரு, வாய்க்கால் கரைத் தெரு பொதுமக்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கட்டி முடித்துப் பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் கிளை நூலகக் கட்டடத்தைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. பங்குனித் தேரோட்டத்துக்கு முன்னால் தேர்ச் சக்கரத்தையும் மேலே போகும் மின்கம்பிகளையும் பார்வையிடத் தாங்கள் வந்தபோது, தேர்முட்டிக்கு எதிரே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தோம். அந்த மரத்துக்குப் பின்னால் வெளிர் மஞ்சள் பெயின்ட் அடித்துப் புத்தம் புதிதாக ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்ததே, அதுதான் எங்கள் நூலகம். "இது என்ன கட்டடம்?" என்று பக்கத்தில் நின்றவரிடம் தாங்கள் கேட்டதாகக்கூட ஞாபகம். அவர் என்ன பதில் சொன்னார் என்பது எங்கள் காதில் விழவில்லை. அந்தப் பதிலைத்தான் இந்த மனுவில் எழுதுகிறோம். தாங்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

1. பழைய நூலகம் ஓட்டுக் கட்டடம். மழைக்கு ஒழுகியது, இடித்தார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. புதுக் கட்டடம் எழும்பும் வரை, ஆறே மாதத்துக்கு என்று சொல்லி, கடைத்தெருவில் உரக்கடை மாடியில் வாடகைக்கு நூலகத்தை மாற்றினார்கள். அந்த ஆறு மாதம் இப்போது இரண்டரை வருடம் ஆகிறது.

2. புதுக் கட்டடத்தில் எந்த வேலையும் பாக்கி இல்லை. கரண்ட் இணைப்பு வந்துவிட்டது. ஃபேன், டியூப் லைட், இரும்பு அலமாரி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை எல்லாம் தயார். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், அதற்குப் பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மேசை நாற்காலிகள்மீது சுற்றிய பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை என்பது தெரிகிறது. திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

3. எங்களுக்கு இருக்கும் பெரிய கஷ்டம் உரக்கடை மாடிப்படி. தாங்கள் அந்தப் பக்கம் காரில் போயிருப்பீர்கள், ஏறிப் பார்த்திருக்க மாட்டீர்கள். மொத்தம் 23 படி. கடையின் பக்கச் சுவரை ஒட்டி வெளியே கட்டியது. அகலம் இரண்டு அடி. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஒன்றுமே இல்லை. ஏறுபவர் ஓரமாக ஒதுங்கி நின்றால்தான் இறங்குபவர் இறங்க முடியும். கீழ் நான்கு படியில் யூரியா மூட்டை இறக்குவார்கள். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அது அவர் படி. மூட்டையிலிருந்து சிந்தியது மழையில் கரைந்து படி வழவழவென்று இருக்கும். எல்லாப் படியும் ஒரே உயரமாக இருந்தாலாவது கால் பழகிக்கொள்ளும். கடைசிப் படி மட்டும் ஒன்றேகால் அடி உயரம். அங்கே பிடித்து ஏற ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். நூலகத்துக்குப் போகக் கயிறு, ஐயா!

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது 81. இங்கே கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கையெழுத்துப் போடவே கற்றுக் கொடுத்தார். பழைய நூலகம் இருந்தவரை காலையில் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். எல்லா நாளிதழையும் ஒரு சுற்றுப் படித்துவிட்டு, அப்புறம் அறிவிப்புப் பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் காபிக்குப் போவார். மாடிக்கு மாறிய புதிதில் அவரும் ஏறிப் பார்த்தார். பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பையன்கள் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் அவர் ஏறவே இல்லை. ஆனால் வருவதையும் நிறுத்தவில்லை. காலையில் உரக்கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அன்றைய பேப்பரைக் கீழே கொண்டுவரக் கூடாது என்பது விதி, மேலே படிக்க ஆள் இருக்கும். ஆகவே நூலகர் அம்மா முந்தின நாள் பேப்பரை மடித்துக் கீழே கொண்டுவந்து கொடுப்பார்.

அறிவிப்புப் பலகை என்று சொன்னேன். அது என்னவென்று தங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஊருக்குப் பத்திரிகை நிருபர் கிடையாது. ஊர்ச் செய்தி அத்தனையும் அந்தப் பலகையில்தான் வரும். கொடியேற்றம் என்றைக்கு, கண் சிகிச்சை முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில், வாய்க்காலில் முறைத் தண்ணீர் எப்போது, யாருக்கு என்ன வகை ரத்தம் தேவை, யார் காலமானார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எல்லாமே சாக்பீஸிலோ ஒட்டிய தாளிலோ இருக்கும். வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு எந்தக் குழு?

சென்ற தை மாதம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர் காலமானார். ஆசிரியரும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள், பழைய நூலகத்தின் முன் திண்ணையில் முப்பது வருடம் ஒன்றாக உட்கார்ந்து பேப்பர் படித்தவர்கள். துக்கச் செய்தியை மாடிப் பலகையில் ஒட்டினார்கள். மேலே போனவர்கள் எல்லோரும் படித்தோம். கீழே ஸ்டூலில் இருந்தவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் முந்தின நாள் பேப்பரைப் பிரித்தவர் அதில் இருந்த சின்ன விளம்பரத்தில் நண்பரின் படத்தைப் பார்த்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேப்பரை நான்காக மடித்து உரக்கடைக் கல்லா மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். இதில் எங்கள் தப்பும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பலகை தரையில் இருந்திருந்தால் எங்கள் தப்புக்கு இடமே இருந்திருக்காது.

இன்னொருவர் பட்டதாரி இளைஞர், இரண்டு காலும் நடக்க வராது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து படிக்குக் கீழே நின்று இரண்டு முறை ஹாரன் அடிப்பார். மேலிருந்து யாராவது அவர் கேட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். தவறான புத்தகம் வந்தால் மறுபடி ஹாரன். பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும்படி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. அவருக்காகக் கட்டிய சாய்தளம் தேரடியில் இருக்கிறது. அதில் மத்தியானத்தில் ஆடு படுத்திருக்கிறது.

4. மாடியில் கழிப்பறை இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து படிக்கிறார்கள். இதற்கு மேல் விளக்கி எழுத எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

5. பாதிக்கு மேற்பட்ட புத்தகங்கள் இன்னும் சாக்கு மூட்டையில். கரையான் பிடித்தாயிற்று.

6. நாங்கள் இலவசமாக எதையும் கேட்கவில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம், இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா. வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே போட்டிருக்கும். அது போக, எங்களில் பலர் தலா 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆனவர்கள். அந்தப் பணத்தில் கட்டிய கட்டடம் சும்மா கிடக்கிறது, மாடிக்கு மாதாமாதம் வாடகையும் போகிறது. சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தை ஊர் என்ன சொல்லும்?

நம் டெல்டாவில்தான், மன்னார்குடி பக்கத்தில் மேலவாசலில், 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்ய, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் வந்து தொடங்கி வைத்தார். அவர் பிறந்த ஆகஸ்ட் 12-ஐத்தான் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். எங்கள் மாடியிலும் அவர் படத்துக்கு மாலை போட்டோம். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அந்தக் காலத்தில் மாட்டு வண்டி வாசகர் வாசலுக்கு வந்தது. இந்தக் காலத்தில் எங்களுக்கு 23 படியும் ஒரு கயிறும்.

7. இதையெல்லாம் இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறோமா? முதல் மனு கொடுத்தோம், உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்று எஸ்.எம்.எஸ். வந்தது. இரண்டாவது மனுவுக்கும் அதே எஸ்.எம்.எஸ்., எழுத்து மாறவில்லை. மூன்றாவது மனுவுக்கு வந்த பதில்தான் தூக்கிவாரிப் போட்டது: கோரிக்கை ஏற்கப்பட்டு மனு முடித்து வைக்கப்பட்டதாம். சந்தோஷத்தில் நான்கைந்து பேர் தேரடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். அதே பூட்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு முப்பது நாள் கெடுவில் இருபத்தொன்பதாவது நாள் பதில் வந்தது: "பணி முடிவுற்றது. திறப்பு விழா குறித்துப் பரிசீலனையில் உள்ளது." பதினோரு மாதமாக எதைப் பரிசீலிக்கிறார்கள் ஐயா? பெண் பார்த்து நிச்சயம் செய்து கல்யாணம் முடிப்பதற்குக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு நாள் ஆவதில்லை.

கட்டடத்தின் உள்ளே வாசலுக்கு நேராகக் கல்வெட்டு பதித்தாயிற்று. மேலே ஒரு மஞ்சள் துணி தொங்கியது. ஆடிக் காற்றில் அது ஒரு பக்கம் அவிழ்ந்துவிட்டதால் ஜன்னல் வழியாகவே படிக்க முடிகிறது. பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. தேதி செதுக்க வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருக்கிறது. அந்த ஒரு சாண் இடத்துக்காக ஊரே மாடி ஏறிக்கொண்டிருக்கிறது.

விழா நடக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவே இல்லை. யார் வந்தாலும் வரவேற்போம், நாதஸ்வரம் வைப்போம், ரிப்பன் நாங்களே வாங்குகிறோம், கத்தரிக்கோலும் தருகிறோம். விழா அவர்கள் சௌகரியப்படி நடக்கட்டும், கதவை மட்டும் இப்போது திறந்துவிடச் சொல்லுங்கள். திறந்திருக்கும் நூலகத்தில் விழா நடத்தக் கூடாது என்று எந்தச் சட்டத்திலாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள், அந்தச் சட்டத்தையும் மாடி ஏறிப் போய்ப் படித்துக்கொள்கிறோம்.

மேலே வார்த்தை கூடிவிட்டிருந்தால் தயவுசெய்து மன்னிக்க வேண்டும். தங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் நான்காவது முறையாகவும் பஸ் ஏறி வந்திருக்கிறோம்.

8. ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் திறந்துவிடுங்கள். போன வருடம் மழையில் அந்தப் படியில் வழுக்கி ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குக் கை எலும்பு முறிந்தது. இந்த வருடம் யார் என்று காத்திருக்க முடியாது.

9. முழுவதும் முடியாது என்றால், சரி, நாளிதழ் அறையையும் அறிவிப்புப் பலகையையும் மட்டுமாவது முதலில் கீழே கொண்டுவர உத்தரவிடுங்கள். மூட்டை முடிச்சைத் தூக்க அரசு ஆள் அனுப்ப வேண்டாம். நாங்களே தூக்குகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஆகவே, மேற்படி கிளை நூலகக் கட்டடத்தைக் காலம் தாழ்த்தாமல் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிட ஆவன செய்யுமாறு மறுபடியும் மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர் மற்றும் பொதுமக்கள்

(கையெழுத்துகள் 214, அதில் கைரேகை 17. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நூலகம் எதற்கு என்று யாராவது கேட்டால், பலகையில் இருப்பதைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள் என்று சொல்லவும்.)

பின்குறிப்பு: தாங்கள் நேரில் பார்வையிட வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று நூலக விடுமுறை. மற்ற எந்த நாள் காலையில் வந்தாலும் உரக்கடை வாசலில் ஸ்டூலில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.