திறக்காத பிரசன்டேஷன் ஃபைல்கள்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பிள்ளைகள் செயல்திட்டத்துக்காகச் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் பவர்பாயிண்ட் ஃபைல்களில் சில, ஆசிரியர்களின் கணினியில் திறப்பதில்லை. பள்ளியிலிருந்து அனுப்புபவையும் உங்களில் சிலருடைய போனில் திறப்பதில்லை. இதில் எனக்குப் பெரிய கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். "ஃபைல் ஓப்பன் ஆகவில்லை" என்று பதில் போனதுமே, பிள்ளை வேலையைச் செய்யாமல் எதையோ அனுப்பி ஏமாற்றிவிட்டதாக வீட்டில் பேச்சு எழுகிறது. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கெடுவுக்குள் மெயில் வந்துவிட்டால், வேலை நேரத்துக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்வோம். ஃபைல் திறக்காததற்காக மதிப்பெண் குறையாது. ஆசிரியர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

சரி, ஏன் திறக்கவில்லை என்று பார்ப்போம். முதலில் ஃபைலின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். 2003 வரையிலான பவர்பாயிண்ட், டாட் பிபிடி (.ppt) என்று சேமித்தது. 2007 பதிப்பிலிருந்து டாட் பிபிடிஎக்ஸ் (.pptx). ஆப்பிள் கணினியிலோ ஐபேடிலோ கீநோட் என்ற செயலியில் செய்திருந்தால் டாட் கீ (.key) என்று முடியும். அது பவர்பாயிண்டில் திறக்காது. பெயரின் கடைசியை மட்டும் மாற்றி அனுப்பினாலும் திறக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது மாறுவதில்லை. கீநோட்டிலேயே எக்ஸ்போர்ட் என்ற வசதியில் பவர்பாயிண்டைத் தேர்ந்தெடுத்துப் புது ஃபைலாக எடுக்க வேண்டும்.

சில ஃபைல்களுக்கு வாலே இல்லாமல் போய்விடுகிறது. போனில் பெயர் மாற்றும்போது பிள்ளை "அறிவியல்.இறுதி" என்று நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத்தான் ஃபைலின் வகை என்று கணினி எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒரு வகையே இல்லாததால், எதைக் கொண்டு திறப்பது என்று கேட்கிறது. பெயரின் கடைசியில் டாட் பிபிடிஎக்ஸ் என்று மறுபடி சேர்த்தால் போதும், திறந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பிபிடிஎக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனி எழுத்து ஃபைலாகவும், படங்கள் தனியாகவும் அதற்குள் இருக்கும். அதனால்தான் சில நேரம் டவுன்லோட் செய்யும்போது அது டாட் ஜிப் என்று வந்து நிற்கிறது. விரித்துப் பார்த்து, உள்ளே புரியாத ஃபோல்டர்கள் இருக்கின்றனவே என்று குழம்ப வேண்டாம். விரிக்காமல், பெயரின் கடைசியை மட்டும் பிபிடிஎக்ஸ் ஆக்குங்கள். இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். ஃபைல் பழுதாகி, ரிப்பேர் கொடுத்தும் சரியாகவில்லை என்றால், ஒரு நகல் எடுத்து அதன் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். மூட்டை பிரிந்தால், பிபிடி ஃபோல்டருக்குள் மீடியா என்ற ஃபோல்டரில் பிள்ளை சேர்த்த படங்கள் பத்திரமாக இருக்கும். எல்லா நேரமும் பலிக்காது. ஆனாலும் பல நாள் உழைப்பு போய்விட்டதே என்று பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது இதைச் செய்து பார்க்காமல் விடாதீர்கள்.

அளவையும் பாருங்கள். அனுப்பிய ஃபைல் எத்தனை எம்.பி., வந்து சேர்ந்தது எத்தனை எம்.பி. என்று ஒப்பிட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் வழியில் அறுந்துவிட்டது, மறுபடி அனுப்ப வேண்டும். ஓரிரு கே.பி. கூட இல்லை என்றால் தவறான ஃபைல் வந்திருக்கலாம். பவர்பாயிண்டில் ஒரு ஃபைல் திறந்திருக்கும்போது, அதே ஃபோல்டரில் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் (~$) தொடங்கும் ஒரு குட்டி ஃபைல் உருவாகும். இன்னார் திறந்து வைத்திருக்கிறார் என்பதற்கான அடையாளம் அது; அதில் ஸ்லைடு எதுவும் இருக்காது. மறைந்த ஃபைல்களையும் காட்டும் கணினிகளில் பெயரைப் பார்த்து ஏமாந்து அதை அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. பவர்பாயிண்டை மூடிய பிறகு அட்டாச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் போனால் அட்டாச்மென்டாகப் போகாது. கூகுள் டிரைவ் லிங்க்காக மாறிவிடும். அதற்கு அனுமதி கொடுக்காவிட்டால், ஆசிரியருக்கு அனுமதி கேட்கச் சொல்லும் பக்கம்தான் வரும். ஷேர் பகுதியில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். எல்லோருக்கும் திறந்து வைப்பதைவிட அது பாதுகாப்பானது.

ஃபைல் இவ்வளவு பெரிதாகக் காரணம் பெரும்பாலும் போட்டோக்கள்தான். ஸ்லைடில் படத்தை இழுத்துச் சிறிதாக்கினாலும் ஃபைலின் அளவு பெரும்பாலும் குறையாது. வெட்டினாலும் அப்படித்தான், வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கும். படத்தைச் சுருக்கும் வசதியில் வெட்டிய பகுதிகளை நீக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தால்தான் அது போகும். இதை அவசியம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெட்டிவிட்டோம் என்று பிள்ளை நினைக்கும் பகுதியில் வீட்டு முகவரியோ, தங்கையின் முகமோ இருக்கலாம். ஃபைலைப் பெறுகிற யாரும் அதைத் திரும்ப விரித்துப் பார்க்க முடியும்.

ஃபைல் திறந்தும் எழுத்து குழம்பியிருந்தால் அது எழுத்துருவின் வேலை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். பிள்ளைகளை யூனிகோடில் தட்டச்சு செய்யப் பழக்குங்கள்.

எதற்கும் கூடவே ஒரு பிடிஎஃப் நகலையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவும் அசைவுகளும் அதில் வராது, ஆனால் எழுத்தும் படமும் எங்கும் ஒரே மாதிரி தெரியும். அப்புறம், அனுப்பிய மெயிலை வேறொரு போனிலோ கணினியிலோ திறந்து, அதிலிருக்கும் அட்டாச்மென்டைப் பிள்ளையே ஒருமுறை பார்த்துவிடட்டும். செய்த கணினியில் திறக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே அது எப்போதும் திறக்கும்.

பள்ளியிலிருந்து வருவது திறக்காவிட்டால், திரையில் என்ன வாசகம் வருகிறதோ அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். பவர்பாயிண்டில் மேலே மஞ்சள் பட்டை தெரிந்தால் அது பழுது இல்லை. இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்பதால் படிக்க மட்டும் திறந்திருக்கிறது. பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் ஃபைலைப் பார்க்க உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டை அடிக்கச் சொல்லி அறிமுகமில்லாத பக்கம் ஏதாவது வந்தால் உடனே மூடிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். டாட் பிபிடிஎம் (.pptm) என்று முடியும் ஃபைலைப் பள்ளி அனுப்பாது. அதில் மேக்ரோ என்ற நிரல் இருக்கலாம், திறக்க வேண்டாம்.

இனி பள்ளியிலிருந்து போகும் ஒவ்வொரு பிரசன்டேஷனோடும் பிடிஎஃப் ஒன்றும் வரும். இதுவரை வந்தவற்றில் எது திறக்கவில்லையோ, அந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். வகுப்பாசிரியர் பிடிஎஃப் அனுப்புவார். பிள்ளைகள் அனுப்பியது கிடைத்துத் திறந்து பார்த்தாயிற்று என்று ஆசிரியரிடமிருந்து பதில் வரும்வரை, வீட்டில் இருக்கும் மூல ஃபைலை அழிக்க வேண்டாம். எதுவுமே சரிப்படவில்லை என்றால் பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள், பள்ளியில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்