பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

பொம்மனஹள்ளி, பெங்களூரு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

வணக்கம். நாங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளை விட ஒரு காப்பகம் வேண்டும் என்ற எங்கள் மனு மகளிர், குழந்தைகள் நலத் துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முத்திரை குத்திய நகல் கையில் இருக்கிறது. பதில் வரவில்லை. நன்றி சொல்ல அதுவரை காத்திருப்பானேன்?

முதல் நன்றி பாட்டிமாருக்கு. கார்மெண்ட்ஸ் பெண்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. அன்றைக்குக் கூட்டம் என்றால் பிள்ளையை யாரிடம் விடுவது? காப்பகம் கேட்கப் போவதற்கே ஒரு காப்பகம் தேவைப்பட்டது. கோயில் திண்ணையில் அதை நடத்தியவர்கள் நீங்கள். முறுக்கைக் கொடுத்தே சமாளித்தீர்கள் என்று கேள்வி. அதை அப்புறம் விசாரிக்கிறோம்.

அங்கன்வாடி டீச்சரம்மாவுக்குப் பெரிய நன்றி. நாலு மணிக்கு அங்கன்வாடி மூடும். எங்களுக்கு ஷிஃப்ட் முடிவது ஐந்தரைக்கு. மூன்று வயதுக்குக் கீழே என்றால் சத்துணவு உண்டு, நாள் முழுக்க இருக்க இடமில்லை. அங்கன்வாடி நேரத்தை நீட்டுங்கள் என்று மட்டும்தான் மனுவில் முதலில் எழுதியிருந்தோம். அவர் வாங்குவது சம்பளம்கூட இல்லை, கௌரவ ஊதியம். எங்கள் கஷ்டத்தை இன்னொரு பெண்ணின் தலையில் கட்டுவது நியாயமா? கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஆளும் ஊதியமும் வேண்டும் என்று சேர்த்தோம்.

கிராமப் பஞ்சாயத்துகளில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்காக 4,000 'கூசின மனெ' (குழந்தையின் வீடு) காப்பகங்களை 2023-ல் கர்நாடக அரசு அறிவித்தது. நல்ல திட்டம். அதை நகரத்துக்கும் கொண்டுவாருங்கள் என்றும் மனுவில் கேட்டிருக்கிறோம். குடும்பத் தலைவிகளுக்கான கிருகலட்சுமி திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வருகிறது, பஸ்ஸும் இலவசம். மறுக்கவில்லை. பிள்ளையை விட இடமில்லாதவள் அந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே போவாள்?

சட்டத்தைப் பொறுமையாகப் படித்துக் காட்டிய வக்கீலம்மாவுக்கும் நன்றி. 50 பெண்களுக்கு மேல் இருக்கும் ஃபேக்டரியில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1948 ஃபேக்டரிச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள், 1976-ல் அதை 30 ஆக்கினார்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் வந்தது. எங்களில் சிலர் வேலை செய்யும் இடத்தில் அறை இருக்கிறது, ஆடிட் அன்றைக்கு மட்டும் திறக்கும்.

மனுவைக் கன்னடத்தில் எழுதித் தந்த பி.யு.சி. (பிளஸ் டூ மாதிரி) படிக்கும் தம்பிக்கும், ஜெராக்ஸுக்குக் காசு வாங்காத அண்ணனுக்கும் நன்றி. தம்பி, பரீட்சை முடியட்டும். பூட்டிய அறைகளைப் பற்றித் தொழிலாளர் துறைக்கு இன்னொரு மனு எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கார்மெண்ட்ஸ் அம்மாக்கள்