கதவில் ஒட்டுவதற்கு முதல் எங்களுக்குச் சொல்லுங்கள்

வன்னியில் இருக்கும் பல்கலைக்கழக நூலகங்களின் நூலகர்களுக்கும், இரவல் மேசையில் இருப்பவர் தொடக்கம் புத்தகம் அடுக்குபவர் வரை அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் தங்கச்சி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். நான் எங்கே படித்தேன், அவள் எங்கே படிக்கிறாள் என்று இந்த மடலில் சொல்லப் போவதில்லை. ஒரு இடத்தைக் காட்டிக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் எல்லோருமே வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சோதனைக்குப் படிக்க வீட்டுக்கு வந்திருந்த தங்கச்சி, ஒரே ஒரு புத்தகத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும் என்று விடிய ஐந்தரைக்கு பஸ் ஏறினாள். மாங்குளத்தில் இறங்கி, ஏ9 வீதியில் அடுத்த பஸ்சுக்குக் காத்திருந்து, அதிலும் இடமில்லாமல் நின்றபடியே போய்ச் சேர்ந்தாள். நூலகக் கதவில் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருந்தது. புத்தகக் கணக்கெடுப்புக்காக அடுத்த திங்கள் வரை நூலகம் மூடியிருக்கும் என்று ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தது. அதில் போட்டிருந்த திகதி மூன்று நாள் முந்தியது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஒரு அக்கா இவளைக் கண்டு வெளியே வந்து, "மெயில் போட்டனாங்களே பிள்ளை, பார்க்கேல்லையா?" என்று கேட்டாராம்.

போட்டிருக்கிறார்கள், உண்மைதான். பல்கலைக்கழகம் கொடுத்த மெயில் முகவரிக்கு வந்து கிடந்தது. அந்தப் பெட்டியைத் தங்கச்சி கடைசியாகத் திறந்தது முதலாம் வருடத்தில். அவளுடைய பட்ச்சில் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான் என்று சொல்கிறாள். அவளும் திறந்து பார்த்திருக்க வேண்டும், அதை அவளுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அவளுடைய பட்ச்சுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. விரிவுரை நேரம் மாறினால் ஐந்து நிமிடத்தில் அதில் சேதி வந்துவிடும். நூலகம் மூடும் சேதிக்கு மட்டும் அந்த வழி தெரியாமல் போனது ஏன்?

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. எங்கள் பகுதியில் பெயர்ப் பட்டியல்களைப் பலகையில்தான் ஒட்டுவார்கள். அப்பா ஒவ்வொரு நாளும் போய் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்து வாசிப்பார். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குத்தான் எங்கள் பெயர் வந்திருக்கும் என்ற பயம் அவருக்கு. ஒட்டிய தாளைத் தேடிப்போய் வாசிக்கிற வேலையை இந்த மண்ணின் சனம் போதும் போதும் என்னும் அளவுக்குச் செய்தாயிற்று. அந்தச் சனத்தின் பிள்ளைகள்தான் இப்போது உங்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

சீர்காழியில் பிறந்த இரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகங்கள் எப்படி இயங்க வேண்டும் என்று அவர் 1931இல் வகுத்துத் தந்த ஐந்து விதிகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நகரத்தில் வீணாவது அரை மணித்தியாலம் என்றால், இங்கே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். துணுக்காயிலிருந்தோ மடுவிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு நூலகம் மூடியிருக்கிறது என்றால், இரண்டு பஸ் காசும் ஒரு நாள் படிப்பும் போயிற்று.

மூன்றாவது விதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது அது. மூன்றாம் வருடத்தில் நான் ஒரு புத்தகத்தை வாங்கித் தரச் சொல்லி, நூலகத்தில் வைத்திருந்த படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். புள்ளிவிபரவியல் புத்தகம். விலை கேட்டால் தலை சுற்றும், என்னால் வாங்கவே முடியாது. இரண்டு மாதம் பார்த்தேன். பிறகு வாங்கமாட்டார்கள் என்று முடிவுகட்டி, ஒரு அண்ணா தந்த மங்கலான போட்டோகொப்பியை வைத்துக்கொண்டு ஆய்வேட்டை எழுதி முடித்தேன். பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகு, எனக்குக் கீழே படித்த ஒரு தங்கச்சி தற்செயலாகச் சொன்னாள், "அக்கா, அந்தப் புத்தகம் இருக்கே, புதுசா இருக்கு, ஒருத்தரும் எடுக்கேல்ல" என்று. உள்ளே அடித்திருந்த முத்திரைத் திகதியைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். நான் நாலாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டது!

யாரோ என் படிவத்தை வாசித்திருக்கிறார். அதை ஏற்று, பட்டியலில் சேர்த்து, காசு ஒதுக்கி, கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவழைத்து, எண் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு கஷ்டமான வேலைகளை எல்லாம் செய்தவர்கள், "நீங்கள் கேட்ட புத்தகம் வந்துவிட்டது" என்ற ஒரு வரியை மட்டும் அனுப்பவில்லை. நான் இருந்த மேசையிலிருந்து இருபது அடி தூரத்தில் அந்தப் புத்தகம் நின்றிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கும்.

இதைச் செய்யப் பெரிய செலவு வேண்டியதில்லை. கோஹா என்ற நூலக மென்பொருள் நியூசிலாந்தில் 1999இல் எழுதப்பட்டது, இலவசமாகக் கிடைக்கிறது, உலகம் முழுக்கப் பல நூலகங்கள் பயன்படுத்துகின்றன. அந்தப் பெயருக்கு மாவோரி மொழியில் கொடை என்று பொருள். திருப்பிக் கொடுக்கும் நாள் கிட்ட வந்தால் முன்கூட்டியே நினைவூட்டல் அனுப்பவும், பதிந்து வைத்த புத்தகம் மேசைக்கு வந்தால் சொல்லவும் அதில் வசதி இருக்கிறது. மூடும் நாட்களை அதன் நாட்காட்டியில் போட்டுவிட்டால், அந்த நாளில் தவணை முடியாதபடி அதுவே கணக்குப் பார்க்கும். அது இல்லாத இடத்திலும் ஒரு கைத்தொலைபேசி போதும். ஒவ்வொரு பட்ச்சுக்கும் பிரதிநிதி இருக்கிறார். அவர்களை எல்லாம் சேர்த்து ஒரு குழு தொடங்கினால், ஒரு சேதி பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் போய்விடும். சேதியைப் படமாகவோ பிடிஎப் ஆகவோ அனுப்பாமல் வெறும் எழுத்தாக அனுப்புங்கள். உள்ளூர் ரோட்டில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும், அதில் படம் இறங்கவே இறங்காது.

அப்புறம் மொழி. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. நாங்கள் சின்னனாக இருந்தபோது கற்பனை பண்ணியும் பார்க்காத வளர்ச்சி இது. இங்கே தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். அதனால் அறிவித்தல் மூன்று மொழியிலும் வர வேண்டும். உயர்தரம் வரை தாய்மொழியில் படித்த பிள்ளைக்கு முதலாம் வருடத்தில் ஆங்கில அறிவித்தலை வாசிக்கவே துணிவு வராது. தேடல் கணினியில் என்ன சொல் போடுவது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தகைப்பு, விகாரம் என்று படித்த பிள்ளை ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று தேட வேண்டும். ஒளித்தொகுப்பு என்று படித்தவர் போட்டோசிந்தசிஸ் என்று எழுத்துப் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பீடத்துக்கும் ஐம்பது அறுபது சொற்களை மூன்று மொழியில் ஒரு தாளில் அடித்துக் கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். சொற்களை எடுத்துத் தர என்னைப் போன்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் சும்மாவே வருவோம்.

புது மாணவர்களுக்கு முதல் கிழமையில் நூலகத்தைச் சுற்றிக் காட்டுகிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தக் கிழமையில் பிள்ளையின் மனம் அங்கே இருக்காது. விடுதி, புது முகங்கள், பகிடிவதைப் பயம் எல்லாம் தலைக்குள் இருக்கும். முதல் அசைன்மென்ட் கொடுத்த பிறகு அதே பிள்ளையை இன்னொரு தடவை கூப்பிடுங்கள். அப்போது கேள்வியோடு வரும். இரவல் விதி, கடந்தகால வினாத்தாள் எங்கே இருக்கிறது, இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் 2005இலிருந்து இணையத்தில் இலவசமாகத் தரும் நூலகம் நிறுவனத்தின் தொகுப்பை எப்படிப் பார்ப்பது எல்லாவற்றையும் அப்போது சொன்னால்தான் மனதில் நிற்கும்.

இணையச் சஞ்சிகைகளும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கிய தரவுத்தளங்கள் பெரும்பாலும் வளாகத்து இணைய இணைப்பை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். வீட்டிலிருந்து திறந்தால் காசு கேட்கும். வெளியிலிருந்தும் உள்ளே போக வழி செய்து வைத்திருக்கிறீர்கள் என்றால், அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் போடுங்கள். வழி இருப்பதே தெரியாமல் பட்டம் முடித்துப் போனவர்களில் நானும் ஒருத்தி.

மாரி காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. இப்படியான நாட்களில் புத்தகத்தைத் திருப்பித் தர முடியாமல் வீட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளை தண்டப்பணத்தை நினைத்துத்தான் பயந்துகொண்டிருக்கும். தவணையை நீட்டிவிட்டோம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டால் எவ்வளவு ஆறுதல்!

கேள்வி கேட்க ஒரு இலக்கமும் வேண்டும். எந்த நேரத்தில் பதில் வரும் என்று அதில் போட்டுவிடுங்கள், போதும். உங்களிடம் ஆட்கள் குறைவு என்பது எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் இரவல் மேசையில் ஒரே ஒரு ஐயாதான் மாலை ஏழு மணி வரைக்கும் இருப்பார். ஒருவரையும் அவர் முகம் சுளித்துத் திருப்பி அனுப்பியதில்லை. அவருக்கு இன்னும் வேலை கூட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலை உரியவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தங்கச்சி இந்தத் திங்கட்கிழமை மறுபடியும் ஐந்தரை பஸ்சில் போகிறாள். கணக்கெடுப்பு முடியாமல் இன்னும் இரண்டு நாள் இழுபட்டால், ஞாயிறு இரவுக்குள் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு ஆசிரியை