பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட், அதாவது பாதுகாப்பு அப்டேட் தர்றது, 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, ஆனா நம்மூர்ல ஜெராக்ஸ் கடை, டுடோரியல், வீடுன்னு எத்தனையோ இடத்துல இன்னும் அதான் ஓடிட்டிருக்கு, ஏன்னா விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி வேணும், ஓரளவு புது பிராசஸரும் வேணும், 2017க்கு முன்னாடி வாங்கின மெஷின்ல பெரும்பாலும் ஏறாது. அதுக்காக நல்லா ஓடுற கம்ப்யூட்டரைக் கழிச்சுக்கட்டுறதைப் பாக்க மனசு கேக்கல.

நான் வீட்டுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுட்டேன். காசு கிடையாது, 4 ஜிபி ராம்லயே ஓடுது, முதல்ல பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாத்துட்டு பிடிச்சா மட்டும் இன்ஸ்டால் பண்ணலாம், ஃபைலை மட்டும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சுக்கோங்க. தமிழ்99 கீபோர்டு முறையில டைப் பண்ணலாம், லெட்டர் கணக்கெல்லாம் லிப்ரெஆபீஸ்ங்கற ஆபீஸ் சாஃப்ட்வேர்ல முடிஞ்சிரும். டேலி, போட்டோஷாப் வச்சு தொழில் பண்றவங்களுக்கு மாறுறது கஷ்டம்தான், அதை மறைக்கக் கூடாது.

பக்கத்துல கேரளா அரசுப் பள்ளிகள்ல பல வருஷமா உபுண்டுங்கற இன்னொரு லினக்ஸ் அடிப்படையிலான சிஸ்டம்லதான் பசங்க படிக்கிறாங்க. இங்கயும் பள்ளி லேப் கம்ப்யூட்டரை ஓரங்கட்டுறதுக்கு முன்னாடி லினக்ஸ் போட்டுப் பாக்கச் சொல்லி கல்வித்துறை உத்தரவு போடணும், உங்க பேப்பரும் இதைப் பத்தி தொடர்ந்து எழுதணும்.

- ஒரு வாசகர், மதுரை