பெற்றோருக்கு: சனிக்கிழமை வகுப்பு, வீட்டிலுள்ள பழைய சாமான்கள், கற்சிலைமடுப் பயணம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். போன கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்து வரும்போது ஒரு தாய் கந்தோர் வாசலில் என்னை மறித்தார். "ரீச்சர், சோதினைக்கு இன்னும் கொஞ்ச மாதம்தான் கிடக்கு. இவன் என்னெண்டால் அம்மம்மாவின்ர பாக்குரலைத் துடைச்சுப் படம் எடுத்துக்கொண்டு இருக்கிறான். இது எந்தப் பாடத்துக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு மணி அடித்துவிட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கான பதில். வரலாறு சாதாரண தரத்தில் கட்டாயப் பாடம். அதற்காகத்தான் இந்தச் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினோம். தரம் 9, 10 பிள்ளைகள் பதினான்கு பேர், வரலாற்று ரீச்சர், சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம். பிள்ளைகள் தங்களை 'பயிலுநர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள், அந்தச் சொல்லில் அவர்களுக்கு ஒரு பெருமை. ஒரு பொருளை எப்படித் தூக்குவது, எப்படிப் பதிவது, அதைப் பற்றி நாலு வரியில் எப்படி எழுதுவது என்று பழகுகிறார்கள்.

போன தவணை அவர்களை நல்லூரில் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைப் பகுதிகளும் பழைய பல்லக்கும் உள்ளே இருக்கும்போது, எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வாசலில் திமிங்கில எலும்புக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். சரி, பார்க்கட்டும் என்று விட்டோம். திரும்பும்போது சங்குப்பிட்டிப் பாலத்தால் வந்து பூநகரியில் இறங்கினோம். கோட்டையின் மிச்சச் சுவர்களைக் காட்டிவிட்டு, அந்தப் பகுதியில் நடந்த ஆய்வுகளில் பெருங்கற்காலத்து மட்பாண்ட ஓடுகளும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்ததை ரீச்சர் சொன்னார். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடு எப்படி வருகிறது என்றும் விளக்கினார். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாது, அதனால் உட்புறம் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். உடனே ஒருவன், "ரீச்சர், இப்பிடி ஓடு எங்கட கமத்திலயும் கிடக்கு, உழேக்க வரும்" என்றான். அந்தப் பேச்சைப் பற்றிப் பிறகு வருகிறேன், அதில் நீங்கள் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு.

பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பிடித்த இன்னொரு செய்தி எங்கள் இரணைமடுக் குளத்தைப் பற்றியது. தண்ணீர் வரும், வான் பாயும், கதவு திறக்கும் என்பதுதான் எங்களுக்கு இரணைமடு. ஆனால் புவியியல் படித்தவர்கள் இலங்கையில் ஒரு வகைச் செம்மண் படிவுக்கே 'இரணைமடுப் படிவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் படிவுகளில் கற்கால மனிதரின் கல் ஆயுதங்கள் கிடைத்திருக்கின்றன. வீட்டுக்குப் போய் இதைச் சொன்ன ஒரு பிள்ளையை அப்பா நம்பவில்லையாம். உண்மைதான் அப்பா, நம்பலாம்.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு பிழை விட்டேன். 'உங்கள் வீட்டிலுள்ள பாரம்பரியப் பொருள் ஒன்றைக் கொண்டுவரவும்' என்று துண்டு அடித்துக் கொடுத்தேன். செப்புக் குடம் வந்தது, பாக்குவெட்டி வந்தது, நெல் அளக்கிற மரைக்கால் வந்தது. ஒரு தாத்தா நெற்சூடு மிதிக்கும்போது வைக்கோல் கிளறுகிற கொளுக்கிக் கம்பையே கொடுத்துவிட்டிருந்தார். அதற்குப் பெயர் 'வேலைக்காரன்'. பிள்ளை பதிவேட்டில் 'வேலைக்காரன், ஒன்று, முனை தேய்ந்துள்ளது' என்று எழுதி வைக்க, பார்த்த கணக்கு சேருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் மூன்று பிள்ளைகள் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு பிள்ளை துண்டின் பின்பக்கத்தில், 'எங்கள் வீட்டில் 2009க்கு முந்திய பொருள் ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தாள். வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பாடசாலையில் நடப்பதை எழுதிவைக்கிற சம்பவத் திரட்டுப் புத்தகமே 2010இல் இருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தியது எந்த இடப்பெயர்வில், எந்த மரத்தடியில் விடுபட்டதோ தெரியாது. புத்தகத்தைக் காப்பாற்ற முடியாத பாடசாலை, பிள்ளைகளிடம் குடத்தைக் கேட்டு நின்றிருக்கிறது.

இன்னொரு பிள்ளை சொன்ன காரணம் வேறு. "நாங்கள் இந்த ஊர் ஆக்கள் இல்லை ரீச்சர், எங்களிட்ட அப்பிடி ஒண்டும் இல்லை." அவளுடைய தாத்தாவும் அம்மாயியும் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள். அவளோ இங்கே பிறந்தவள், அவளுடைய அம்மாவும் இங்கே பிறந்தவர்தான். அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்தது கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி. அலகு தீட்டித் தீட்டி ஒடுங்கிப்போயிருந்தது. பிடியில் சைக்கிள் ரியூப் வரிந்து கட்டியிருந்தது. தோட்டத்திலிருந்து புறப்படும்போது தாத்தா கையோடு எடுத்துவந்த இரண்டு மூன்று சாமான்களில் அது ஒன்றாம்.

அந்தக் கத்திக்கு விபரச் சீட்டு எழுதத்தான் அன்று காலை முழுக்கப் போனது. 'மலையகத்திலிருந்து கொண்டுவரப்பட்டது' என்று ஒரு பையன் எழுதினான். அவ்வளவு மட்டும் எழுதினால் போதாது என்றார்கள் மற்றவர்கள். 'இந்த ஊர்க் காட்டை வெட்டிய கத்தி' என்று இன்னொருவன் மாற்றினான். அதற்கு அந்தப் பிள்ளையே, "இல்லை, இதால பற்றைதான் வெட்டினது. மரத்துக்குக் கோடாலி" என்று திருத்தினாள். கடைசியில் நின்ற சீட்டு இது: 'கவ்வாத்துக் கத்தி. முதலில் தேயிலை வெட்டியது. 1977க்குப் பிறகு இங்கே நாயுண்ணிப் பற்றை வெட்டியது. இப்போது தென்னோலை சீவுகிறது.' இதைவிட நன்றாக நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஆகவே அந்தப் பழைய துண்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பொருள் வேண்டாம், ஒரு சொல் இருந்தாலும் போதும். மோட்டை, முறிப்பு, சுட்டான், மடு என்று முடிகிற ஊர்ப்பெயர்களுக்கு உங்கள் வீட்டில் என்ன விளக்கம் சொல்வார்கள்? குளத்து அலைகரையில் என்ன நட்டீர்கள், தண்ணீர் விடுகிற துருசை யார் திறந்தார்கள்? பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் அப்பப்பா வேலை செய்தாரா, ஆனையிறவில் உப்பு அள்ளினாரா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் அயலவர் யாரேனும் உங்களுக்கு இருந்தார்களா, அவர்கள் கடையில் என்ன வாங்குவீர்கள்? இவை எல்லாம் பதிவேட்டுக்கு வரும்.

பிள்ளைகள் போனில் பேச்சைப் பதியக் கேட்பார்கள். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர்கள் வற்புறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிப் பெரியவர்கள் தாங்களாகத் தொடங்கினால் ஒழியக் கேட்கக் கூடாது, அவர்கள் அழுதால் போனை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறோம். பதிந்தது பாடசாலைக் கணினிக்கு வெளியே போகாது.

இப்போது அந்தக் கமத்து ஓட்டு விசயம். தயவுசெய்து பிள்ளைகளை எங்கேயும் தோண்ட விடாதீர்கள். முதற்காரணம் உங்களுக்கே தெரியும். மிதிவெடி அகற்றிய காணி என்றாலும், காட்டோரத்தில் கிடக்கிற இரும்பு எதையும் தொடக்கூடாது, கல்லால் எறியக்கூடாது, பெரியவர்களிடம் வந்து சொல்ல வேண்டும். இரண்டாவது, சட்டம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத் தொல்பொருளாகவே கொள்வார்கள். அனுமதி இல்லாமல் அவற்றைத் தேடித் தோண்ட முடியாது. அதோடு, ஓட்டை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டால் அது எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்கிற கதை போய்விடும். மிஞ்சுவது ஓட்டுத் துண்டு மட்டும். உழும்போது வந்தால் வந்த இடத்திலேயே படம் எடுத்து ரீச்சருக்கு அனுப்புங்கள்.

அடுத்தது பயணம். வருகிற மாதம் முதலாவது சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பஸ் வெளிக்கிடும். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், கற்சிலைமடு, பிறகு வற்றாப்பளை, முல்லைத்தீவு. வற்றாப்பளை அம்மன் கோவிலில் உப்புத்தண்ணீரில் விளக்கெரிகிற கதையைப் பொங்கலுக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கற்சிலைமடுவில்தான் வேலை கூட.

1803 ஓகஸ்ட் 25இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தார். கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல் சொன்னது இந்த இரண்டாவதை மட்டும். கல்லை யார் நடுகிறாரோ அவர் தனக்கு வேண்டிய திகதியைப் பொறிக்கிறார் என்பதைப் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று விளங்கிக்கொள்ள வேண்டும். சீட்டு எழுதப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அங்கிருந்து பேச்சு அரியாத்தைக்குப் போகும் என்று நினைக்கிறேன். வேலப்பணிக்கன் மனைவி, குமுளமுனைப் பக்கத்துக் கதையில் மதம் கொண்ட யானையை அடக்கியவள். அவள் வாழ்வது எங்கள் வாய்மொழிப் பாட்டில். அந்தப் பாட்டில் சில அடிகளாவது தெரிந்த அம்மம்மா யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் எனக்கு உடனே சொல்லுங்கள், பஸ்ஸில் முன் சீற் அவருக்குத்தான்.

பஸ் காசு ஒரு பிள்ளைக்கு 700 ரூபா. கஷ்டம் என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லுங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பார்த்துக்கொள்ளும், பிள்ளைக்குத் தெரியவராது. சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், தொப்பி. ஒப்புதல் படிவம் புதன்கிழமைக்கு முன் கையெழுத்தோடு வர வேண்டும்.

பொருள் தருகிறவர்களுக்கு: நகை, காணி உறுதி, அடையாள அட்டை, இறப்புச் சான்றிதழ் எதையும் தரவேண்டாம். பழைய படங்களை அன்றைக்கே பிரதி எடுத்துக் கையில் தந்துவிடுவோம். மற்றவற்றுக்குப் பற்றுச்சீட்டு உண்டு. இலக்கத்தைப் பொருளில் எழுதாமல் நூலில் கட்டிய அட்டையில்தான் எழுதுகிறார்கள். குடத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். இந்த விசயத்தில் எனக்கே இரண்டு தரம் ஏச்சு விழுந்தது.

அந்தத் தாய்க்கு ஒன்று: பாக்குரல் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடும். பதிவேட்டில் 'பொருளின் இன்றைய பயன்பாடு' என்ற நிரலில் உங்கள் மகன், 'அம்மம்மாவுக்குப் பல்லில்லை, அவசரமாகத் திருப்பிக் கொடுக்கவும்' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
அதிபர்